ஒரு மில்லி ஆம்பியர் கொண்டல்

செருப்பைக் கழற்றச் சொன்னாள் எமல்டா.
தங்கச்சிமடத்துப் பெண், மதுரையில் படித்தவள்.
ஸ்பாஞ்சு மெத்தைமேல் பாதம் இரண்டையும் ஒட்டி நிறுத்தி
காதுக்குப் பின்னால், மயிர் வழித்த எலும்பில்
உப்புத்தண்ணியில் நனைத்த பஞ்சை வைத்தாள்.
உப்பு எதற்கு என்றேன்.
"கரண்டு உள்ள போக அதுதான் வழி, காக்கா."
முப்பது வருசமாய் அந்த வழியாகத்தான்
கடலும் எனக்குள் போய்க்கொண்டிருந்தது.

கீழக்கரை ஜெட்டிக்குப் பக்கத்தில்
மூடிப்போன ஐஸ் கம்பெனியின் மாடி அறை.
சன்னல் தெற்கே. எதிரே கடல்.
"கண்ணை மூடுங்க."
மூடினேன். அதுவே எனக்குப் பெரிய காரியம்.
ரெண்டு வருசமாய்க் கண்ணை நம்பித்தான் நிற்கிறேன்.
சுஜூதுக்குக் குனிந்தால்
பாய் எழுந்து வந்து நெற்றியில் மோதும்.
முகத்துக்குச் சோப்புப் போட்டால்
ஒரு கை சுவரில் இருக்கணும்.

எப்படி வந்தது என்று படிவத்தில் ஒரு கட்டம்.
ஏழு பாகம் ஆழம். பையில் மூன்று சங்கு.
இடக்காதில் ஈரத்துணி கிழிகிற சத்தம்.
அப்புறம் மேலே என்பது தொலைந்துபோனது.
மேலே என்று நினைத்து உதைத்தேன்,
தலை மணலில் முட்டியது.
வாயிலிருந்து விட்ட குமிழி
கன்னத்தைத் தடவிக்கொண்டு
என் காலைப் பார்த்துப் போனது.
அதன் பின்னால் போனேன்.
அதனால் இருக்கிறேன்.
கட்டத்தில் அவள் 'அழுத்தக் காயம்' என்று எழுதினாள்.

பொத்தானை அழுத்தினாள்.
ஒரு மில்லி ஆம்பியர்.
போனுக்குச் சார்ஜ் ஏறுவதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராதாம்.
காதடியில் எறும்பு. நாக்கில் பழைய காசு.
யாரும் தொடவில்லை.
வல்லத்தின் ஓரத்தில் ஆள் ஏறினாற்போல
தரை இடப்பக்கம் இறங்கியது.
விழாமலிருக்க நான் வலப்பக்கம் போனேன்.
தரை இறங்கவே இல்லையாம்.
போனது நான் மட்டும்.

"எந்தப் பக்கம் தள்ளுச்சு?"
கொண்டல், என்றேன்.
முழித்தாள்.
கிழக்கேயிருந்து அடிக்கிற காத்தும்மா, மேற்கே தள்ளும்.
படிவத்தில் இடம், வலம், இரண்டே கட்டம்.
வலம் என்று குறித்துக்கொண்டாள்.

"இப்ப தலையை மட்டும் இடத்தோள் பக்கம் திருப்புங்க."
அதே கம்பி, அதே அளவு.
இந்தத் தடவை முன்னால் தள்ளியது,
சன்னலைப் பார்க்க, கடலைப் பார்க்க.
வாடை, என்றேன்.
சொன்ன பிறகுதான் பிடிபட்டது.
இந்தக் காற்று தலையோடு சேர்ந்து திரும்புகிறது.
கடலில் அடிக்கிற எதுவும்
என் மூஞ்சி எங்கே என்று பார்த்து அடித்ததில்லை.
அதற்குக் கிழக்கு கிழக்குதான்,
நான் செத்தாலும்.
இதற்கோ என் காதை விட்டால் திசையே கிடையாது.

கடைசியாகக் கெட்ட காது மட்டும்.
இடக்காதில் ஒரு பஞ்சு, இன்னொன்று பிடரியில்.
ஒன்றும் நடக்காது என்று தெரிந்த மாதிரி
காலை ஊன்றாமல் நின்றேன்.
சாய்ந்தேன்.
இடப்பக்கம், நன்றாகவே, மேஜை விளிம்பு வரைக்கும்.
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
"அல்லாப்பிச்சை காக்கா, காதுதான் கெட்டிருக்கு.
நரம்பு உசுரோட இருக்கு, பதில் சொல்லுது!"

வீட்டில் ரெண்டு வருசமாய் ஒரே பேச்சு,
விழுந்துறாதீங்க, விழுந்துறாதீங்க.
நான் விழுந்ததற்கு
ஒருத்தி சந்தோஷப்பட்டது இன்றைக்குத்தான்.

"அப்ப திரும்பக் குளிக்கப் போகலாமா?"
பஞ்சை உரித்துக்கொண்டிருந்தவள்
உடனே நிமிரவில்லை.
"அதுக்கு இதுல கட்டம் இல்ல, காக்கா."

பதினாலு படி. சுவரில் கை.
ஜெட்டியில் நிஜமாகவே கொண்டல் எழும்பியிருந்தது.
விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு
கண்ணை மூடி
தலையை இடத்தோள் பக்கம் திருப்பிப் பார்த்தேன்.
காற்று திரும்பவில்லை.
வலப்பக்கம் பார்த்தேன். அப்போதும் இல்லை.
மீன் வண்டிக்காரன் ஹாரன் அடித்தான்,
நகருங்க காக்கா, நடுரோட்டுல என்ன செய்யிறீங்க.